துவைக்காத சட்டை

சாந்தா குரூஸ்
ஜூன் 9, 1981

அன்புள்ள ஆதே பெலென்,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஊரில் நாய்கூடத் தூங்கிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் என் இடது தோளில் கிடக்கிற உங்கள் தம்பி மகள் நேனே. இப்போதுதான் அழுகை ஓய்ந்தது. கீழே விட்டால் மறுபடி ஆரம்பித்துவிடுவாள். பகலில் எழுதலாம் என்றால் பகலில் துணி, அடுப்பு, பக்கத்து வீட்டு ஆலிங் சபெல்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். நீங்கள் திரும்பி வர வேண்டும்.

நடந்ததை நீங்கள் ஒரு விதமாக மனதில் வைத்திருப்பீர்கள். என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் கடல் மோசம். படகில் வாந்தி எடுத்து, பட்டினியாக, வியர்வையில் நனைந்து வந்தீர்கள். தண்ணீர் கொடுக்கிறேன் என்றேன், கேட்கவில்லை. பையை வாசலில் போட்டுவிட்டு நேராகப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டீர்கள். “என் ராசாத்தி! கன்னத்தைப் பாரு, பழுத்த மாம்பழம்! அப்படியே கடிச்சுத் தின்னுடலாம் போல இருக்கே!” எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தம்பி கப்பலில் இருக்கிறானே, பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அவன் பக்கத்து ஆளாக அவன் ஆதே, கூடப் பிறந்த அக்காவாவது வந்தாளே என்று.

அன்று சாயங்காலமே நேனே காலை மடக்கிக்கொண்டு அலற ஆரம்பித்தாள். வயிறு மத்தளம் போல் கல்லாகிவிட்டது. மத்தியானமே வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போன ஆலிங் சபெல், யாரும் கூப்பிடாமலே மறுபடி வந்து, தொட்டுப் பார்த்து, தீர்ப்புச் சொல்லிவிட்டார். “உசோக்தான், சந்தேகமே இல்லை. பசியோடயும் களைப்போடயும் வந்த வெளியாளோட சூடு பிள்ளை மேல ஏறிடுச்சு. தூக்கினவங்களே எச்சில் தொட்டு வயித்துல வெச்சாத்தான் இறங்கும்.”

அவர் சொல்லி முடிக்குமுன் நீங்கள் கட்டைவிரலை நாக்கில் வைத்துவிட்டீர்கள். நான் உங்கள் கையைத் தட்டிவிட்டேன். “எச்சில்ல எத்தனை கிருமி இருக்கு தெரியுமா?” என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படம் மாட்டி இதையே பாடம் நடத்துகிறவள் நான். சொன்னதில் ஓர் எழுத்தையும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன். சொன்ன தொனி வேறு விஷயம்.

மறுநாள் விடிந்ததும் முதல் படகில் போய்விட்டீர்கள். ஞானத்தாயாக நிற்க வேண்டிய நீங்கள் இல்லாமல் எப்படி ஞானஸ்நானம் நடக்கும்? பாதரிடம் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தள்ளிப்போட்டிருக்கிறேன். அது பொய்யாகவும் இல்லை. அன்றிலிருந்து ஒரு சாயங்காலம் தவறாமல் இதே அழுகை. வயிற்றில் மன்சனில்யா எண்ணெய் தேய்த்தாயிற்று. துணியைச் சூடாக்கி ஒற்றியாயிற்று. பாகல் இலையைப் பிழிந்து புகட்டச் சொன்னார் ஆலிங் சபெல். ரெண்டு மாதப் பிள்ளைக்கு என் பாலைத் தவிர எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். சுகாதார நிலையத்து டாக்டர் வெறும் வாயு என்கிறார், நாள் போனால் சரியாகிவிடுமாம். அவர் கணக்கில் பிள்ளை நலம். என் தோளின் கணக்கில் இல்லை.

எனக்கு உசோக்கில் நம்பிக்கை இல்லை. ஆனால் செய்து பார்க்காத ஒன்றை வேலை செய்யாது என்று அடித்துச் சொல்வதும் படித்தவள் செய்கிற காரியம் இல்லை. எச்சில் வேண்டாம். நீங்கள் வந்து தூக்கினாலே போதும். வர முடியாவிட்டால் நீங்கள் உடுத்திய சட்டை ஒன்றை அனுப்புங்கள். அதைப் பிள்ளை மேல் போர்த்தினால் எச்சிலுக்கு ஈடு என்கிறார் ஆலிங் சபெல்.

உங்கள்,
மெர்லிண்டா


லூசெனா
ஜூன் 17

மெர்லி,

உன் கடிதத்தைப் படகுக்காரப் பையன் கொண்டுவந்து கொடுத்தான். கையில் இஸ்திரிப் பெட்டி. சூடான கையைத் தண்ணீரில் நனைத்தால் நடுக்கம் வந்துவிடும், அதனால் கரிக்கையோடுதான் பிரித்தேன். ஓரத்தில் இருக்கிற கறுப்பு உன் மை அல்ல, என் விரல். இதையும் படம் மாட்டிப் பாடம் நடத்து.

நீ நன்றாக எழுதுகிறாய். எல்லாவற்றையும் எழுதினாய். ஒன்றை மட்டும் வாயில் பஞ்சு வைத்த மாதிரி தாண்டிப் போய்விட்டாய். உசோக் யாரால் வரும்? வெளியாளால் வரும். வீட்டு ஆளால் வராது. இது அந்தத் தீவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சபெல் என் முகத்துக்கு நேராக “வெளியாள்” என்றாள். நீ பக்கத்தில்தான் நின்றாய்.

அந்த வீட்டுப் பலகைத் தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிய வைத்தவள் நான். உன் புருஷனை இந்த இடுப்பில்தான் தூக்கி வளர்த்தேன். அவன் என் மேல் செய்ததை எல்லாம் எழுதினால் நீ மூக்கைப் பிடித்துக்கொள்வாய், கிருமி கிருமி என்பாய். நான் வெளியாளா?

இன்னொன்றும் கேள். நான் அங்கே வந்து பிள்ளையைத் தொட்டு, அவள் அழுகை நின்றது என்று வை. என்ன அர்த்தம்? கொடுத்தது நான்தான் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மீன்காரி இமாங்கை உனக்குத் தெரியுமே. எப்போதோ ஒரு பிள்ளைக்கு அவளால் வந்தது என்று சொன்னார்கள். இன்றைக்கும் அவள் தெருவில் கூடையோடு வந்தால் தாய்மார்கள் பிள்ளைகளைப் பாவாடைக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். மீன் வாங்குவார்கள், பிள்ளையைக் கையில் கொடுக்க மாட்டார்கள். எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை. ஊரார் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறது ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. அதையும் விட்டுவிட்டு வா என்கிறாய்.

நான் வர மாட்டேன்.

சட்டை அனுப்புகிறேன். நீலப் பூப் போட்டது, அன்றைக்கு உடுத்தி வந்ததேதான். ரெண்டு தரம் துவைத்து, புல்லில் வெயில் காட்டி, கஞ்சி போட்டு, பெட்டிக்கு வாழையிலை தேய்த்து இஸ்திரி பண்ணியிருக்கிறேன். காலர் மடிப்பைப் பார். மேயர் வீட்டுச் சட்டைக்குக்கூட இப்படிப் போட்டதில்லை. என் எச்சிலை அழுக்கு என்று சொன்ன வீட்டுக்கு நான் அழுக்குத் துணி அனுப்புகிற ஆள் இல்லை.

முருங்கைக்கீரை போட்ட கோழிச்சாறு தினமும் குடி. பால் கொடுக்கிறவள் வயிறு காய்ந்தால் பிள்ளையும் காயும். அந்திக்குப் பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே. நீ கேட்க மாட்டாய். இருந்தாலும் எழுதுகிறேன்.

பெலென்


சாந்தா குரூஸ்
ஜூன் 25

அன்புள்ள ஆதே,

பார்சலை ஆலிங் சபெல் முன்னால் பிரித்திருக்கக் கூடாது. அவர் சட்டையைப் பிடுங்கி முகத்தில் வைத்து முகர்ந்தார். இந்தப் பக்கம் முகர்ந்தார், அந்தப் பக்கம் முகர்ந்தார்.

“இதுல பெலென் எங்கடி இருக்கா? சோப்புதான் இருக்கு!”

“அவங்க சட்டைதான், ஆலிங் சபெல்.”

“சட்டை அவளோடதுதான். ஆள் இல்லையே உள்ள. சோப்புக் கம்பெனிக்காரன் வந்து உசோக் எடுப்பானா?”

ஆனாலும் போர்த்திப் பார்த்தேன். உங்கள் கஞ்சி மொடமொடப்பு பட்டு நேனேயின் கன்னம் சிவந்ததுதான் மிச்சம். காலர் மடிப்பு பிரமாதம். அதை வைத்துக் காய்கறி நறுக்கலாம்.

ஆதே, நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்களா, மானத்துக்காகச் செய்தீர்களா என்று யோசித்துப் பார்த்தேன். ரெண்டும்தான் என்று தோன்றுகிறது.

வெளியாள் விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு என் காதுக்கு அருகில் ஒரு பிள்ளை அலறிக்கொண்டிருந்தது. யார் என்ன சொன்னார்கள் என்று நிறுத்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. இப்போது நிறுத்துப் பார்த்துச் சொல்கிறேன்: அந்த வார்த்தை தப்பு. இந்த வீட்டில் யாராவது வெளியாள் என்றால் அது மணிலாவிலிருந்து வந்த நான்தான். மழை வந்தால் எந்த ஜன்னலை முதலில் சாத்த வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெரியாது. நேற்று அரிசி நனைந்தது.

உங்கள் தம்பி டெல்ஃபின் கப்பலிலிருந்து எழுதியிருக்கிறார். பிள்ளையின் அழுகையைப் பற்றி நான் எழுதியதை எஞ்சின் அறையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். ஆளுக்கொரு வைத்தியம். கிரேக்க எஞ்சினியர், பிள்ளையை அழகு என்று சொன்னவன் உடனே மூன்று தரம் துப்ப வேண்டும் என்றாராம். ஆக எச்சில் உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை. ஜாவாக்காரச் சமையல்காரர் சின்ன வெங்காயத்தை எண்ணெயில் நசுக்கி முதுகில் தேய்க்கச் சொல்கிறார். தூத்துக்குடிக்காரர் ஒருவர் உப்பையும் மிளகாயையும் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட வேண்டும், நெடி வராவிட்டால் கண் பட்டது உறுதி என்றாராம். நெடி வராத மிளகாய் எந்த ஊரில் விற்கிறதோ. சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகு யோசித்தால், எல்லாரும் ஏதோ ஒரு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்த யாரோ ஒருத்தியிடம்தான் இதைக் கற்றிருக்க வேண்டும்.

இனிச் சொல்லப் போவதற்காகத்தான் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை நேனேயை எடை பார்த்தார்கள். போன தடவை இருந்த அதே இடத்தில் முள் நின்றது. டாக்டர் இந்தத் தடவை “வெறும் வாயு” என்று சொல்லவில்லை. நர்சைக் கூப்பிட்டு என்னவோ எழுதிக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இப்படியே நின்றால் கடல் தாண்டி லூசெனாவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பாராம்.

எனக்குப் பயமில்லை. டாக்டர் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன், ஏதோ ஒரு காரணம் இருக்கும், கண்டுபிடிப்போம். பயமே இல்லை. பயமில்லை என்பதை ஒரே கடிதத்தில் எத்தனை தரம் எழுதுகிறேன் என்று எண்ணாதீர்கள்.

உடுத்திய சட்டை ஒன்று அனுப்புங்கள், ஆதே. சோப்புப் படாதது. மருந்துப் பொட்டலம் மாதிரி சுற்றி அனுப்புங்கள். யார் கேட்டாலும் என் சட்டை என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பேர் வெளியே வராது.

மெர்லிண்டா


லூசெனா
ஜூலை 4

மெர்லி,

புயல். படகு ஓடவில்லை. இந்தக் கடிதமும் பொட்டலமும் துறையில் எத்தனை நாள் கிடக்குமோ. கடல் அடங்கினதும் முதல் படகில் ஏற்றிவிடு என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்.

முள் நின்றது என்று எழுதினாயே, அதற்கு மேல் உன் கடிதத்தைப் படிக்க எனக்கு வரவில்லை. மறுநாள்தான் மிச்சத்தைப் படித்தேன்.

ஒரே சட்டையை உடுத்திக்கொண்டே இருந்தேன். அதிலேயே இஸ்திரி, அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. பக்கத்துக் கடைக்காரி, “என்ன பெலென், ஊர்த்துணி எல்லாம் வெளுக்குது, உன் துணிக்கு மட்டும் தண்ணி நின்னுபோச்சா?” என்றாள். “விரதம்டி” என்றேன். “எந்தச் சாமிக்குடி நாத்த விரதம்?” என்றாள். வழக்கமாகத் துணி போடுகிற வாத்தியார் அம்மா ஒரு மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும்.

உன் சட்டை என்று சொல்லாதே. பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் பொய் நுழையக் கூடாது. சபெல் முன்னால் பிரி. பெலென் அனுப்பினாள், கொடுத்தது அவள்தான், அவள்தான் எடுக்கிறாள் என்று சத்தமாகச் சொல். தெருவே கேட்கட்டும். இமாங் இத்தனை நாள் மீன் விற்று உயிரோடுதானே இருக்கிறாள்.

ஆனால் ஆஸ்பத்திரியை விடாதே. சட்டை ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம். லூசெனாவுக்குக் கொண்டுவரச் சொன்னால் என் அறையில் தங்கு. நான் வெளியே படுத்துக்கொள்வேன், கிட்ட வர மாட்டேன்.

ஞானத்தாய்க்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். இனிமேல் நான் அந்தப் பிள்ளையைத் தூக்கினால் ஊர் உன்னைத்தான் பேசும். பாதரிடம் நீயே சொல்லிவிடு.

பெலென்


சாந்தா குரூஸ்
ஜூலை 15

அன்புள்ள ஆதே,

இந்தத் தடவை பட்டப்பகலில் எழுதுகிறேன். ஏனென்றால் பிள்ளை தூங்குகிறாள்.

முதலில் முள். ஏறிவிட்டது. ஒரு தரம் அல்ல, அடுத்தடுத்து ரெண்டு தரம்.

காரணத்தைச் சொல்கிறேன், நீங்கள் சிரிக்கலாம். போன மாதக் கடைசியில் டாக்டர் என்னைப் பால் கொடுக்கச் சொல்லிப் பார்க்கும்படி நர்சிடம் சொன்னார். நர்ஸ் ஸ்டூலைப் போட்டு எதிரில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தாள். நேனே முலைக்காம்பின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு பாதிப் பால், பாதிக் காற்றாக விழுங்கியிருக்கிறாள். வயிறு நிரம்பினது காற்றில். அதனால்தான் மத்தளம், அதனால்தான் எடையும் ஏறவில்லை. பிள்ளையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது, வாயை எவ்வளவு திறக்க விடுவது என்று என் கையைப் பிடித்துக் காட்டினாள். முதல் ரெண்டு நாள் இருவரும் சேர்ந்து அழுதோம். பிறகு வழிக்கு வந்தாள். பால் போதாமல் போய்விடக் கூடாது என்று உங்கள் முருங்கைச் சாறும் குடித்தேன். அந்திக்குப் பிறகு தலைக்கு ஊற்றிக்கொண்டும்தான் இருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம், அழ வேண்டிய நேரத்தில், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

உங்கள் பொட்டலம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது.

நீங்கள் சொன்னபடி ஆலிங் சபெல் முன்னால்தான் பிரித்தேன். வாசனையிலேயே நீங்கள் வந்துவிட்டீர்கள். கரிப்புகை, கஞ்சி, உங்கள் வியர்வை. அவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

“இதுதாண்டி சட்டை! பாத்தியா, வந்து இறங்கின உடனே பிள்ளை முகம் தெளிஞ்சிடுச்சு!”

“பிள்ளை சனிக்கிழமையே சிரிச்சாச்சு, ஆலிங் சபெல். நீங்கதானே பாத்துட்டுப் போய்த் தெரு முழுக்கச் சொன்னீங்க.”

“சட்டை கடல்ல வரும்போதே வேலையை ஆரம்பிச்சிருக்கும்.”

“கடல் தாண்டி வேலை செய்யும்னா எதுக்கு அனுப்பச் சொன்னீங்க? லூசெனாவுலயே கொடியில கிடந்திருக்கலாமே?”

விடுவேனா. நிதானமாகக் கேட்டேன்: “கொடுத்த ஆளோட எச்சிலோ வேர்வையோ படாம உசோக் இறங்குமா?”

“இறங்காது. என் ஆயுசுல ஒண்ணுகூட அப்படி இறங்கினதில்லை.”

“இது இறங்கிடுச்சு. ஆதே பெலெனோட சட்டை வர்றதுக்கு முன்னாடியே. அப்ப கொடுத்தது அவங்க இல்லை.”

சட்டையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். “அப்ப யாருடி?”

“அன்னிக்கு இவளைத் தூக்கினது ரெண்டு பேர். ஒருத்தர் ஆதே. இன்னொருத்தர் வெயில்ல கொப்பரை உலர்த்திட்டு, கஞ்சிகூடக் குடிக்காம நேரா வந்து கையில வாங்கினாங்க. அன்னையிலேருந்து தினமும் வந்து வயித்துல முத்தம் குடுத்துட்டுப் போறாங்க. மெதுவா மெதுவா இறங்கினதுல ஆச்சரியம் இல்லை.”

“எனக்கு அடுப்புல சோறு பொங்குது” என்று எழுந்தார். வாசல் வரை போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். நான் இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் பெலென் கொடுக்கவில்லை, பெலென் இந்த வீட்டுப் பெண், வெளியாள் என்று சொன்னது தப்பு என்று அவர் வாயாலேயே தெருவில் சொல்ல வேண்டும் என்றேன்.

“நீ வாத்திச்சி இல்லடி, வக்கீல்” என்றார்.

சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னாரோ, கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருக்கிறார். கிணற்றடியில் என்னைப் பார்த்தவர்கள், அப்படிப்பட்ட பெலெனை நான் விரட்டிவிட்டதாக எனக்கே புத்தி சொல்கிறார்கள். பொறுத்துக்கொண்டேன். இன்று காலை மீன்காரி இமாங் வந்தபோது நேனேயை அவர் கையில் கொடுத்தேன். உசோக்கை நம்பாதவள் அதைக் காரியத்தில் காட்டாவிட்டால் நம்பாமல் இருந்து என்ன பயன்? ரெண்டு தரம் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். மீன் வாசனையோடு நேனே நன்றாகத்தான் இருக்கிறாள்.

இப்போது வந்த சட்டையைப் பற்றி. அதை நான் துவைக்கவில்லை. வைத்தியத்துக்காக அல்ல, வைத்தியம் முடிந்துவிட்டது. தூங்க வைக்கும்போது பக்கத்தில் போட்டேன். காலரைக் கைக்குள் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறாள். இழுத்தால் முகத்தைச் சுளிக்கிறாள். யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குப் பிடித்துவிட்டது.

எச்சில் விஷயத்தில் நான் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறேன். நீங்கள் வந்து சண்டை போடுங்கள், ஆயுசுக்கும் போடலாம். ஆனால் ஞானத்தாய்க்கு வேறு ஆளைப் பார் என்று எழுதினீர்களே, அதை நான் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதர் இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்கிறார். ஞானத்தாய் பேர் கேட்டார். பெலென் என்றேன். வரவில்லை என்றால் என்று இழுத்தார். வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம், என் பிள்ளை அதுவரை காத்திருப்பாள் என்றேன்.

படகு இப்போது ஒழுங்காக ஓடுகிறது. துறைக்கு நேனேயைத் தூக்கிக்கொண்டு நானே வருவேன். எந்தப் படகில் வருகிறீர்கள் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள்,
மெர்லிண்டா